இசைத்தட்டில் எஞ்சிய குரல்

1940-ஆம் ஆண்டு, செப்டம்பர்த் திங்கள் 24-ஆம் நாள். போர்க்கோலம் பூண்டிருந்த பெர்லின் நகரத்தில், ஊஃபா மாளிகை எனும் பெரும் படக்கொட்டகையில் புதுப்படம் ஒன்று திரையிடப்பட்டது. பெயர் ‘யூதன் சூஸ்’. ஆக்கியவன் ஃபைட் ஹார்லன். ஆக்குவித்தவன் கோயபல்ஸ். ஆறு நாட்களுக்குள் ஹிம்லர் ஓர் ஆணை பிறப்பித்தான்: எஸ்.எஸ். படையினரும் போலீசாரும் இந்தப் படத்தைக் கண்டே ஆகவேண்டும் என்று. ஜெர்மனியிலும் அது பிடித்த நாடுகளிலும் இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்கள் அதைக் கண்டனர். கண்டவர் நெஞ்சிலே நஞ்சு பாய்ந்தது.

படத்தின் கதை என்ன? யூதன் ஒருவன் ஒரு சிற்றரசனை மயக்கி ஆட்சியைக் கைப்பற்றுகிறான். கிறித்தவப் பெண் ஒருத்தியின் கற்பைச் சூறையாடுகிறான். அவள் ஆற்றில் வீழ்ந்து மடிகிறாள். மக்கள் கொதித்தெழுகிறார்கள். கிறித்தவப் பெண்ணைத் தீண்டிய யூதனுக்குத் தூக்கு என்று பழைய சட்டமொன்றைப் புரட்டிக் காட்டி, அவனைக் கூண்டிலேற்றித் தொங்கவிடுகிறார்கள். யூதர் அனைவரும் ஊரைவிட்டு விரட்டப்படுகிறார்கள். யூதனும் கிறித்தவப் பெண்ணும் கூடுவது கொலைக்குரிய குற்றம். இதுதான் படம் புகட்டிய பாடம்.

பாடம் புகட்டிய அந்தப் பேராசான் தன் முதல் மனைவியாகக் கொண்டது யாரை? ஒரு யூத நங்கையை! பெர்லின் மேடைகளிலே பாடியும் நடித்தும் பேர் பெற்ற டோரா கெர்சன் என்பவரை. ‘யூதன் சூஸ்’ திரைக்கு வந்த அந்த இரவில் டோரா எங்கே இருந்தார்? நாஜிப் படை புகுந்துவிட்ட ஹாலந்து நாட்டில், இரண்டு வயது மகளோடும், பிறந்து நான்கே திங்களான ஆண் குழந்தையோடும், நாளை என்ன நேருமோ என்று அறியாமல் இருந்தார்.

அவருடைய கதையைத்தான் சொல்லப் போகிறேன். பெரிய கதையல்ல. அவர் ஆண்ட நாடில்லை, எழுதிய நூலில்லை. நடித்த படங்கள்கூட இன்றில்லை. சில இசைத்தட்டுகள் மட்டும் இருக்கின்றன.

1899-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23-ஆம் நாள் டோரா பெர்லினில் பிறந்தார். 1871-இல் ஜெர்மன் பேரரசு அமைந்தபோதே, மதத்தின் பெயரால் எந்தக் குடிமகனுக்கும் உரிமை குறையாது என்று சட்டம் கூறிவிட்டது. ஏட்டளவில் யூதரும் ஜெர்மானியரும் சமம். ஏட்டிலே உள்ளது வீட்டிலும் வீதியிலும் இருந்ததா என்று கேட்பீர்கள். இல்லைதான். எனினும் யூதர்கள் நம்பினார்கள். ஜெர்மன் பேசினார்கள், ஜெர்மன் இலக்கியத்தைத் தலைமேல் வைத்துப் போற்றினார்கள், முதல் உலகப்போரில் ஜெர்மனிக்காக ஏறத்தாழ 12,000 யூத வீரர்கள் உயிர் கொடுத்தார்கள். அவர்கள் எண்ணிக்கை என்ன? 1933-இல் ஆறரைக் கோடி மக்களில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர். நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இந்தக் கைப்பிடிக் கூட்டத்தைக் காட்டித்தான், ‘நாட்டையே விழுங்குகிறார்கள், பாரீர்!’ என்று கூவினான் ஹிட்லர்.

போர் முடிந்து, கெய்சர் ஓடி, குடியரசு மலர்ந்த காலம் டோராவின் இளமைக்காலம். அடக்கி வைத்திருந்த அணை உடைந்தாற்போல நாடகமும் இசையும் படக்கலையும் பெர்லினில் பெருக்கெடுத்தன. தணிக்கை தளர்ந்தது. பெண்கள் வாக்குரிமை பெற்றார்கள். டோரா ஊர் ஊராகச் சென்று நடிக்கும் ஹோல்டார்ஃப் நாடகக் குழுவில் சேர்ந்தார். அந்தக் குழுவில்தான் ஃபைட் ஹார்லனும் இருந்தான். அவனும் அதே 1899-இல், அதே பெர்லினில் பிறந்தவன்; எழுத்தாளர் ஒருவரின் மகன். மேடையில் பழகினர், மனம் ஒன்றினர். 1922-இல் மணம் செய்துகொண்டனர். கிறித்தவனும் யூதப் பெண்ணும் மணந்துகொள்வது அன்று வியப்பல்ல; பெர்லினில் அத்தகைய மணங்கள் நாள்தோறும் நடந்தன. வானம் இடிந்து விழவில்லை. மண மாலை வாடியதற்கும் மதம் காரணமென்று சொல்ல முடியாது. இரண்டே ஆண்டில், 1924-இல், பிரிந்துவிட்டனர். மணமுறிவு குற்றமல்ல. ஒத்துவராதவர்கள் பிரிவது ஒருவரையொருவர் வதைத்துக்கொண்டு வாழ்வதைவிட மேல். அதுபற்றி எவருக்கும் ஹார்லன் மீது குறை கூற உரிமையில்லை. குறை பின்னால் வருகிறது.

அதற்கு முன்பே, 1920-இல், டோரா இரண்டு படங்களில் நடித்திருந்தார். பேசாத படங்கள். கார்ல் மே என்பவர் எழுதிய பாலைவனக் கதைகளைத் தழுவி, ஊஸ்தாத் படக்கழகத்தார் எடுத்தவை. ‘சொர்க்கத்தின் இடிபாடுகளில்’ என்பது ஒன்று. ‘சாவு வணிகர்கூட்டம்’ என்று பொருள்படும் பெயருடையது மற்றொன்று. பின்னாளில் அமெரிக்கா சென்று டிராகுலாவாக நடித்து உலகை நடுங்க வைத்த பேலா லுகோசி அப்படங்களில் இருந்தார். இரண்டு படங்களும் இன்று கிடைக்கவில்லை. சுருள்கள் மறைந்தே போயின. இதிலே ஒரு வேடிக்கை: இளமை முதல் கார்ல் மேயின் கதைகளை விரும்பிப் படித்தவன் ஹிட்லர். அவன் விரும்பிய கதைக்கு உயிர் கொடுத்தவர்களில் ஒருத்தி, அவனுடைய கணக்கிலே உயிர் வாழத் தகுதியற்ற இனம்!

டோராவுக்குப் புகழ் தந்தது படமன்று, காபரே மேடை. காபரே என்றதும் நம்மில் பலருக்கு அரைகுறை ஆடையும் ஆட்டமும்தான் நினைவுக்கு வரும். நம் நாட்டு ஓட்டல்கள் அந்தச் சொல்லுக்கு அளித்த பொருள் அது. பெர்லின் காபரே வேறு. சிறு கூடம், சில மேசைகள், ஒரு பியானோ. மேடையிலே ஒருவர் வந்து நின்று, பாதி பேசியும் பாதி பாடியும் காலத்தைக் கிழித்துக் காட்டுவார். அமைச்சரும் தளபதியும் பாதிரியும் பண மூட்டையும் எவரும் தப்ப முடியாது. துச்சோல்ஸ்கியும் எரிக் கெஸ்ட்னரும் பாட்டெழுதினார்கள். ஹோலேண்டர் இசை அமைத்தார். எழுதியவர்களிலும் இசைத்தவர்களிலும் யூதர் பலர். அங்கே பாடுவதற்கு இனிய குரல் மட்டும் போதாது. சொல்லின் கூர் மழுங்காமல் கேட்போர் செவியில் இறக்கத் தெரியவேண்டும், சிரிக்க வைத்துக்கொண்டே சுடத் தெரியவேண்டும். டோரா அந்தக் கலையில் தேர்ந்தார். 1920-களில் அவர் பெயர் பெர்லின் மேடைகளில் நிலைத்தது.

கேலிக்கு அஞ்சுபவர்கள் கொடுங்கோலர்கள். வாளுக்கு வாள் உண்டு. சிரிப்புக்கு எதிராக எந்த ஆயுதத்தை எடுப்பது? சிரிப்பவனின் வாயை அடைப்பதுதான் அவர்கள் கண்ட வழி. 1933-ஆம் ஆண்டு சனவரி 30-ஆம் நாள் ஹிட்லர் தலைமை அமைச்சனானான். ஏப்ரலில் வந்த சட்டம் அரசுப் பணியிலிருந்து யூதர்களை விரட்டிற்று. அரசு நாடக மன்றங்களும் அதில் அடக்கம். மே 10-இல் பெர்லின் சதுக்கத்திலே நூல்களுக்குத் தீ மூட்டினார்கள். கெஸ்ட்னர் கூட்டத்தில் நின்று தம் நூல்கள் எரிவதைத் தம் கண்ணாலேயே கண்டார். துச்சோல்ஸ்கியின் குடியுரிமையைப் பறித்தார்கள். 1935-இல் அவர் ஸ்வீடனில் மாண்டார். 1933 செப்டம்பர் 22-இல் கலைக்கழகச் சட்டம் வந்தது. நடிப்பவர், பாடுபவர், எழுதுபவர், வரைபவர் யாராயினும் அரசின் கலைக்கழகத்தில் உறுப்பினராக வேண்டும். உறுப்பினரல்லாதார் தொழில் செய்யக்கூடாது. யூதருக்கு உறுப்பினராகும் பேறு கிடையாது. அடிதடியில்லை, இரத்தமில்லை, ஒரு விண்ணப்பத் தாளைத் திருப்பி அனுப்பினால் போதும், ஒரு கலைஞனின் வாழ்வு முடிந்தது! டோராவுக்கு மேடை மூடிற்று. ‘ஆரிய’ப் படங்களில் இடமில்லை, ‘ஆரிய’ இசைத்தட்டுக் கழகங்களில் இடமில்லை.

அது என்ன ‘ஆரியம்’? வடமொழி ஏட்டிலிருந்து ஐரோப்பிய மொழிநூலார் எடுத்துச் சென்ற சொல் அது. ஒரு மொழிக் குடும்பத்துக்கு இட்ட பெயரை ஓர் இனத்துக்குச் சூட்டி, அந்த இனத்துக்கு நீலக்கண்ணும் பொன்முடியும் ஒட்டி, உலகை ஆளப் பிறந்தது என்று பட்டமும் கட்டிவிட்டார்கள். அந்தச் சொல்லைப் பரப்பியவர்களுள் ஒருவரான மாக்ஸ் முல்லரே 1888-இல், தாம் கூறும் ஆரியம் மொழியைக் குறிப்பதே தவிர, குருதியையோ எலும்பையோ மண்டையோட்டையோ குறிப்பதன்று என்று எழுதினார். யார் கேட்டார்கள்? புரட்டுக்குப் பயன்படும் சொல்லைப் புலவன் திருத்தினால் மட்டும் விடுவார்களா? ஒருவனுடைய பாட்டனும் பாட்டியும் எந்தக் கோயிலில் பெயர் பதிந்தார்கள் என்று பார்த்து அவனுடைய ‘இன’த்தை முடிவு செய்தார்கள். இரத்தத்தைச் சோதித்து எந்த மருத்துவனும் சொல்ல முடியாததைக் கோயில் பதிவேடு சொல்லிற்று! 1935-இல் நியூரம்பர்க் சட்டம் யூதரும் மற்றவரும் மணப்பதையே குற்றமாக்கியது. 1922-இல் டோராவும் ஹார்லனும் செய்ததை 1935-க்குப் பின் எவர் செய்தாலும் சிறை.

விரட்டப்பட்ட கலைஞர்கள் என்ன செய்தார்கள்? யூதர் பண்பாட்டுக் கழகம் என்ற ஒன்றை 1933-இல் தொடங்கினார்கள். கர்ட் சிங்கர் என்னும் மருத்துவர் - இசையிலும் வல்லவர் - அதன் தலைவர். யூதரே நடிக்கலாம், யூதரே பார்க்கலாம். வேறு எவரும் நுழையக்கூடாது. இந்த நிபந்தனையின் மேல்தான் நாஜிகள் இசைவளித்தார்கள். பெர்லினில் ஏறத்தாழ 20,000 பேர் உறுப்பினராயினர். அக்டோபர் முதல் நாள் அவர்கள் அரங்கேற்றிய முதல் நாடகம் லெஸ்ஸிங் எழுதிய ‘அறிஞன் நாத்தான்’. மூன்று மதங்களுள் எது மெய் என்று சுல்தான் கேட்க, யூத வணிகன் ஒருவன் மூன்று மோதிரங்களின் கதையைக் கூறி, நன்னடத்தைதான் அளவுகோல் என்று விடையிறுக்கும் நாடகம். அதைத் தேர்ந்தெடுத்த துணிவைப் பாராட்ட வேண்டும். பிறகு ஒவ்வொன்றாகத் தடை வந்தது. 1934-இல் ஷில்லரைத் தொடக்கூடாது என்றார்கள். 1936-இல் கெத்தேயைத் தொடக்கூடாது என்றார்கள். ஆஸ்திரியாவைப் பிடித்த 1938-இல் மோசார்ட்டும் போயிற்று. அந்தப் பாட்டும் கவியும் தீட்டுப்பட்டுவிடுமாம்! தொட்டால் தீட்டு, பார்த்தால் தீட்டு என்ற மடமைக்கு எத்தனை மொழிகளில் எத்தனை பெயர்!

அக்கழகத்தைக் குறை கூறியவர்களும் உண்டு. ‘பாரீர், யூதர்களுக்கும் நாடகம் நடத்த உரிமை கொடுத்திருக்கிறோம்’ என்று உலகத்தாரிடம் காட்ட நாஜிகளுக்கு அது பயன்பட்டதென்பது உண்மை. கூண்டுக்குள் இருக்கும் குயில் பாடுவது கூண்டைப் புகழ்வதாகுமா? பட்டினி கிடந்த ஆயிரக்கணக்கான கலைஞர்களுக்கு அது சோறு போட்டது. கேட்டவர்களுக்கு மானம் மீந்திருக்கிறது என்ற நினைப்பைக் கொடுத்தது. பாதுகாப்பான நாற்காலியில் அமர்ந்துகொண்டு, அவர்கள் பாடாதிருந்திருக்க வேண்டும் என்று தீர்ப்பளிக்க என்னால் முடியாது. 1941-இல் அக்கழகத்தையும் மூடினார்கள். கர்ட் சிங்கர் 1944-இல் தெரசியன்ஸ்டாட் முகாமில் இறந்தார்.

இந்தக் கூண்டுக்காலத்தில்தான் டோரா கெர்சனின் குரல் இசைத்தட்டில் ஏறியது. பெரிய கழகங்கள் கதவடைத்த பின், யூத இசையைப் பதிவுசெய்ய லுக்ராஃபோன் என்ற சிறு கழகம் பெர்லினில் இயங்கிற்று. அதற்காக அவர் பாடினார். ஜெர்மனில் பாடியதோடு நிற்கவில்லை. இத்திஷ் மொழியிலும் பாடினார். இங்கே சற்று நிற்க வேண்டும். இத்திஷ் என்பது கிழக்கு ஐரோப்பிய யூத ஏழை மக்களின் மொழி. பேச்சு ஜெர்மனுக்கு உறவு, எழுத்து எபிரேயம். பெர்லினில் வாழ்ந்த படித்த யூதர்களில் பலர் அதை மொழியென்றே மதிக்கவில்லை. கொச்சை என்றார்கள், சந்தைப் பேச்சு என்றார்கள். போலந்திலிருந்து வந்த ஏழை யூதனைக் கண்டால், தங்கள் கோட்டின் மடிப்புக் கலைந்துவிடுமோ என்று ஒதுங்கினார்கள். நாஜி வந்தான், இருவரையும் ஒரே கயிற்றால் கட்டினான். அப்போதுதான் மேட்டுக்குடி யூதருக்குத் தம் ஏழைச் சகோதரனின் மொழி இனித்தது. அடி விழுந்த பிறகாவது இனித்ததே!

‘ரெபே மகிழச் சொன்னார்’ என்று பொருள்படும் தலைப்புடைய இத்திஷ் பாட்டை அவர் பாடிய தட்டு ஐரோப்பிய யூதரிடையே பெரிதும் விரும்பப்பட்டது. ரெபே என்றால் சமயகுரு. குரு மகிழச் சொன்னால் மகிழ்வதும் அழச் சொன்னால் அழுவதும் பகுத்தறிவாளர்க்கு உகந்த வழக்கமல்ல. நமக்கு அதில் உடன்பாடில்லை. எனினும், மகிழ்வதற்கு ஒரு காரணமும் இல்லாத நாளில் மகிழ்வைப் பற்றிப் பாடும் ஒரு பெண்ணின் நெஞ்சுரத்தை மதிக்கத்தானே வேண்டும்? இன்னொரு பாட்டு ஜெர்மனில். ‘ஃபோர்பை’ என்பது அதன் பெயர். கடந்து போயிற்று, இனி வாராது என்பது பொருள். கேட்பதற்குக் காதல் பிரிவைப் பாடுவதுபோல் இருக்கும். அன்று கேட்டவர்களுக்கு எதைப் பற்றிய பாட்டு என்று தெரியும். போனது காதலனல்ல, ஒரு நாடு. தணிக்கையாளன் கைவைக்க முடியாதபடி, வெளியே ஒன்றும் உள்ளே ஒன்றுமாகப் பாடும் கலையைக் காபரே அவருக்குக் கற்றுக் கொடுத்திருந்தது.

இத்தகைய தட்டுகள் எத்தனை அழிந்தன என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். பெர்லினில் செமர் என்ற பெயரில் யூத இசைத்தட்டுகளை வெளியிட்டு வந்தவர் ஹிர்ஷ் லெவின் என்னும் புத்தக வணிகர். 1938 நவம்பரில், யூதர் கடைகளையும் கோயில்களையும் உடைத்தெறிந்த அந்தக் கொடிய இரவில், அவர் கடையில் புகுந்தவர்கள் 4,500 தட்டுகளையும், தட்டு வார்க்கும் 250 உலோக அச்சுகளையும் நொறுக்கினார்கள். ஒரே கடையில், ஒரே இரவில்!

அதற்கு முன்பே டோரா நாட்டைவிட்டு வெளியேறிவிட்டார். 1936-இல் உறவினருடன் ஹாலந்து சேர்ந்தார். அங்கே மறுமணம் செய்துகொண்டார். 1937-இல் மகள் பிறந்தாள். பிராங்பர்ட்டிலிருந்து வந்த அன்னி பிராங்கின் குடும்பம் போல, ஜெர்மனியிலிருந்து தப்பிய ஆயிரக்கணக்கான யூதக் குடும்பங்கள் அப்போது அந்நாட்டை நம்பி வாழ்ந்தன. முதல் உலகப்போரில் நடுநிலை வகித்த நாடு. இம்முறையும் போர் அண்டாது என்று எண்ணினார்கள். 1940 மே 10-இல் நாஜிப் படை எல்லை தாண்டியது. ஐந்து நாளில் ஹாலந்து பணிந்தது. அதே மே மாதத்தில் டோராவுக்கு ஆண் குழந்தை பிறந்தது.

ஹாலந்தில் நடந்தது மெல்லக் கொல்லும் நஞ்சு. முதலில் அரசு அலுவலர்களிடம், ‘நீ ஆரியனா?’ என்று ஒரு தாள். பிறகு 1941 சனவரியில் யூதர் அனைவரும் பெயர் பதியவேண்டும் என்று ஓர் ஆணை. ஏறத்தாழ 1,40,000 பேர் பதிந்தனர். அந்நாட்டு நிர்வாகம் ஒழுங்குக்குப் பேர்போனது. குடிமக்கள் பதிவேட்டில் ஒவ்வொருவரின் மதமும் நெடுங்காலமாகவே குறிக்கப்பட்டிருந்தது. நல்லெண்ணத்தோடு எழுதி வைத்த ஏடு, கொலைகாரன் கைக்கு வந்ததும் கொலைப் பட்டியலாயிற்று. எவரும் எதிர்க்கவில்லையா? எதிர்த்தார்கள்! பிப்ரவரியில் 400-க்கு மேற்பட்ட யூத இளைஞர்களைத் தெருவிலே பிடித்துச் சென்றதும், ஆம்ஸ்டர்டாம் தொழிலாளர்கள் கொதித்தெழுந்தார்கள். 25-ஆம் நாள் டிராம்கள் நின்றன, கப்பல் துறை நின்றது, தொழிற்சாலைகள் நின்றன. பொதுவுடைமைக் கட்சியார் முன்னின்று அழைத்த வேலைநிறுத்தம் அது. யூதரல்லாத தொழிலாளர்கள் யூதருக்காக நடத்திய வேலைநிறுத்தம்! இரண்டே நாளில் துப்பாக்கியால் அடக்கினார்கள். 1942 மே மாதம் முதல் ஒவ்வொரு யூதரும் மஞ்சள் விண்மீனைச் சட்டையில் தைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. சூலை மாதம் முதல் இரயில் வண்டிகள் கிழக்கே புறப்பட்டன.

டோரா குடும்பத்தார் அந்த ஆண்டு தப்பியோட முயன்றார்கள். நோக்கம் சுவிட்சர்லாந்து. நடுநிலை நாடு, மலைக்கு அப்பால் உயிர் உண்டு என்ற நம்பிக்கை. அந்த நடுநிலை நாடு அதே 1942 ஆகஸ்டில், இனத்தின் காரணமாக மட்டும் ஓடி வருவோர்க்கு இடமில்லை என்று எல்லையை மூடியிருந்தது. நிறைந்துவிட்ட சிறு படகு எங்கள் நாடு என்று அதன் அமைச்சர் ஒருவர் உவமை சொன்னார். அந்தப் படகின் விளிம்பைத் தொடும் வாய்ப்பும் டோராவுக்குக் கிடைக்கவில்லை. வழியிலேயே பிடிபட்டார்கள். வெஸ்டர்போர்க் முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். ஜெர்மனியிலிருந்து ஓடிவந்த யூத அகதிகளுக்காக ஹாலந்து அரசு 1939-இல் கட்டிய முகாம் அது! அடைக்கலம் தரக் கட்டிய கொட்டில், கொலைக்களத்துக்கு ஆளனுப்பும் இரயிலடியாக மாறியது. அங்கிருந்து ஆஷ்விட்ஸ். 1943 பிப்ரவரி 14-இல் டோரா கெர்சன் அங்கே கொல்லப்பட்டார். வயது 43. கணவரும், ஐந்து வயது மகளும், மூன்று வயது நிரம்பாத மகனும் அவரோடு மாண்டனர். ஹாலந்திலிருந்து கொண்டு செல்லப்பட்ட ஏறத்தாழ 1,07,000 பேரில் உயிரோடு மீண்டவர் 5,000 பேர்தான்.

அடுத்த மாதம், அதாவது 1943 மார்ச்சில், பெர்லினில் ஊஃபா படக்கழகத்தின் 25-ஆம் ஆண்டு விழா. கோயபல்ஸ் ஃபைட் ஹார்லனுக்குப் ‘பேராசிரியர்’ என்ற பட்டம் சூட்டினான்.

‘நான் என்ன செய்வேன்? கோயபல்ஸ் கட்டளையிட்டான், மறுத்திருந்தால் என் தலை போயிருக்கும்.’ போர் முடிந்த பின் ஹார்லன் செய்த வாதத்தின் சாரம் இதுதான். அந்த வாதத்தை எடை போட்டுப் பார்ப்போம். கான்ராட் ஃபைட் என்ற பெரும் நடிகர் யூதரல்லர். யூதப் பெண்ணை மணந்தவர். 1933-இலேயே நாட்டைவிட்டு வெளியேறினார். 1934-இல் இலண்டனில், அதே சூஸின் கதையை, யூதருக்குப் பரிவு காட்டும் படமாக எடுத்தபோது அதில் தலைமை வேடம் ஏற்றார். யோவாகிம் காட்சால்க் இன்னொரு நடிகர். யூத மனைவியைத் தள்ளிவிடு, பட வாழ்வு நிலைக்கும் என்று வற்புறுத்தினார்கள். மறுத்தார். மனைவியையும் பிள்ளையையும் நாடு கடத்தப் போகிறார்கள் என்றறிந்து, 1941 நவம்பரில் மூவரும் ஒன்றாக உயிர் நீத்தார்கள். எல்லாரும் காட்சால்க் ஆக வேண்டும் என்று கேட்கவில்லை. ஆனால் ஹார்லன் என்ன செய்தான்? யூதர் கோயிற் காட்சியில் நடிக்க உண்மை யூதர்களே வேண்டுமென்று 1940-இல் போலந்தின் லூப்ளின் சேரிவரை சென்று ஆள் தேடினான். பிறகு பிராக் நகரத்து யூதர்களை நிறுத்திப் படம் பிடித்தான். தலைக்கு அஞ்சியவன் வேலையைக் குறைவாகச் செய்வான். இவன் மிகையாகச் செய்தான்.

1949-இல் ஹாம்பர்க் நீதிமன்றத்தில், மனித இனத்துக்கெதிரான குற்றம் புரிந்தான் என்று அவன்மேல் வழக்கு நடந்தது. விடுதலை! வெளியே காத்திருந்த கூட்டம் அவனைத் தோள்மேல் தூக்கிச் சென்றது. மேல்மன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளி மறுவிசாரணைக்கு அனுப்பியது. 1950 ஏப்ரலில் மீண்டும் விடுதலை. படம் குற்றமானதுதான், ஆனால் எடுத்தவன் நெருக்கடிக்கு ஆட்பட்டு எடுத்தான் என்றது மன்றம். தீர்ப்பளித்த நீதிபதி டைரால்ஃப் யார்? நாஜி ஆட்சியில் தனி மன்றத்தின் அரசு வழக்கறிஞராக இருந்து மரண தண்டனைகள் கேட்டு வாங்கியவர்! வேலி எந்த மரத்தால் செய்ததென்று பார்த்தால் பயிரின் கதி விளங்கும்.

நீதிமன்றம் விட்டதை ஒரு தனி மனிதர் விடவில்லை. எரிக் லூத், ஹாம்பர்க் நகர அரசின் செய்தித்துறைத் தலைவர். 1950 செப்டம்பரில், ஹார்லன் எடுத்த புதுப்படத்தைக் கொட்டகையாரும் மக்களும் புறக்கணிக்க வேண்டும் என்று அறைகூவினார். பட முதலாளிகள் வழக்கிட்டார்கள். வணிகத்துக்குக் கேடு செய்கிறார் என்றார்கள். ஹாம்பர்க் மன்றம் லூத்தின் வாயை அடைத்தது. அவர் அரசமைப்பு மன்றத்துக்குச் சென்றார். ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். 1958 சனவரி 15-இல் தீர்ப்பு வந்தது: பொது நன்மையைக் கருதி ஒரு குடிமகன் பேசும் பேச்சு, முதலாளியின் இலாபக் கணக்கைவிட உயர்ந்தது, பேச்சுரிமை தனி மனிதரிடையே நடக்கும் வழக்குகளிலும் ஒளி வீச வேண்டும் என்று. ஜெர்மனியில் சட்டம் பயிலும் மாணவர் அனைவரும் இன்றும் படிக்கும் தீர்ப்பு அது. படக்கொட்டகை வாயிலில் நின்று, ‘இதைப் பார்க்காதீர்’ என்று துண்டறிக்கை கொடுக்கும் தோழர்கள் அந்தத் தீர்ப்பைப் படித்து வைத்துக்கொள்வது நல்லது.

ஹார்லன் மேலும் பல படங்கள் எடுத்து, 1964-இல் இத்தாலியின் கேப்ரித் தீவில் இயற்கையாக மாண்டான். அவன் இரண்டாம் மனைவிக்குப் பிறந்த மகன் தாமஸ் ஹார்லன் தந்தையின் வழி செல்லவில்லை. 1960-களில் போலந்தின் ஆவணக் காப்பகங்களில் ஆண்டுக்கணக்கில் அமர்ந்து, தப்பித்து வாழ்ந்த நாஜிக் குற்றவாளிகளின் செயல்களைத் தேடி எடுத்தார். எழுத்தாளராகவும் படம் எடுப்பவராகவும் வாழ்ந்து 2010-இல் மறைந்தார். ‘யூதன் சூஸ்’ படத்தை ஜெர்மனியில் இன்றும் தடையின்றித் திரையிட முடியாது. அறிந்தவர் ஒருவர் முன்னுரை கூறி விளக்கிய பின்னரே காட்டலாம். அந்தப் படச்சுருள் பழுதின்றிக் கிடைக்கிறது. டோரா நடித்த இரண்டு படங்களில் ஓரடிச் சுருளும் கிடைக்கவில்லை.

தட்டுகள் கிடைத்தன. நாஜிக் காலத்துப் பெர்லினில் பதிவான யூத இசையைத் தேடி, உலகெங்கும் சிதறிய குடும்பங்களின் பழைய பெட்டிகளிலிருந்தும் சேகரிப்பாளரிடமிருந்தும் தட்டுத் தட்டாகத் திரட்டினார் ரெய்னர் லோட்ஸ் என்னும் ஆய்வாளரும் அவருடன் உழைத்தவர்களும். 2001-இல் அவை பதினொரு குறுந்தட்டுகளாக ஜெர்மனியில் வெளியாயின. அந்தத் தொகுப்புக்கு அவர்கள் இட்ட பெயர், டோரா கெர்சன் பாடிய பாட்டின் பெயர்: ‘ஃபோர்பை’.